முகாமில் பிறந்த மகளும் அடையாள அட்டையும்: ஒரு வாசகிக்குப் பதில்

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

"அன்புள்ள சட்டத்தரணி அக்காவுக்கு, என் தாத்தா மாத்தளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்துவிட்டார். நான் 1985இல் தருமபுரத்தில், வீட்டில்தான் பிறந்தேன். 1990இல் மன்னாரிலிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனோம். முதலில் மண்டபம் முகாம், அப்புறம் வேறொரு முகாம். கலியாணமும் அந்த முகாம் கோயிலில்தான் நடந்தது. கணவர் முல்லைத்தீவுக்காரர். அவரிடம் இலங்கைப் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இருக்கின்றன. மகள் 2010இல் தமிழ்நாட்டில் அரச ஆஸ்பத்திரியில் பிறந்தாள். 2012இல் ஐ.நா. அகதிகள் நிறுவனமான யு.என்.எச்.சி.ஆர். மூலம் விமானத்தில் திரும்பி வந்தோம். பிறகு மகன் இங்கே பிறந்தான், அவனுக்குப் பிரச்சினை இல்லை. எனக்கு இன்னும் பிறப்புப் பத்திரமும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. தாத்தா அந்தக் காலத்தில் 'இந்தியாவுக்குப் போகிறோம்' என்று எழுதிக் கொடுத்தவர், அதனால் நீங்கள் இந்தியப் பிரஜைகள் என்று ஒரு உத்தியோகத்தர் சொல்கிறார். மகள் ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை எடுக்கப்போகிறாள். அவளுக்கும் அடையாள அட்டை இல்லை. காசு கொடுத்தால் அவள் கிளிநொச்சியில் பிறந்ததாகப் பத்திரம் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஊரில் சிலருக்கு நாங்கள் இன்றைக்கும் தோட்டக்காட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் தங்கிப்போன நாடற்றவர்களுக்கு அங்கேயே உரிமை கொடுத்துச் சட்டம் போட்டார்களாம், எங்களுக்கு அப்படி ஏதும் இல்லையா என்று மகள் கேட்கிறாள். குடியிருக்கிற காணியின் பெர்மிட் கணவர் பெயரில் இருக்கிறது, அவருக்கு ஒன்று என்றால் என் நிலை என்ன? தம்பி இன்னும் அங்கே முகாமில்தான். பேசாமல் நாங்களும் அங்கேயே போய்விடலாமா?"

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். போகவேண்டாம். 2012இலிருந்து நீங்கள் இங்கே தொடர்ந்து வாழ்ந்திருக்கிறீர்கள். அதுவே பெரிய சான்று. மீண்டும் கடல் தாண்டினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். அங்கேயும் வழி திறந்து கிடக்கவில்லை. 2019இல் இந்தியா தன் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இலங்கையிலிருந்து போன அகதிகளை அதில் சேர்க்கவில்லை. அதே வருடம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மலையக வம்சாவளி அகதிகள் சிலரின் வழக்கில், அவர்கள் நடைமுறையில் நாடற்றவர்களாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. மனதுக்கு ஆறுதலான தீர்ப்புத்தான். ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக முடியாது.

இனி மகள். அவளுடைய விஷயத்தில்தான் நாட்கள் குறைவு. இங்கே 15 வயதில் அடையாள அட்டை எடுக்கவேண்டும், ஓ.எல். பரீட்சை மண்டபத்தில் அதைக் கேட்பார்கள். நீங்கள் மகளின் பிரச்சினையையும் உங்கள் பிரச்சினையையும் ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போது தெரிந்தது. 'எனக்குக் கிடைத்தால்தானே அவளுக்குக் கிடைக்கும்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை, தங்கச்சி. அவளுடைய அப்பா இலங்கைப் பிரஜை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால், பிறப்பைப் பதிவுசெய்து அந்தப் பிள்ளை வம்சாவளிப் பிரஜையாகலாம். பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவு அதைச் சொல்கிறது. அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலோ, இங்கே வந்த பிறகு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதியலாம். ஒரு வருடத்துக்குள் பதிவது வழமை. பிந்தினால் காரணம் காட்டி அனுமதி பெறலாம். போரில் அகதியாக முகாமில் இருந்தோம் என்பதைவிடப் பெரிய காரணம் என்ன இருக்கிறது? உங்கள் கோப்பு எத்தனை மாதம் இழுபட்டாலும் இழுபடட்டும். மகளின் கோப்பைத் தனியாக, அப்பா வழியில், இந்த மாதமே தொடங்குங்கள்.

இதனால்தான் அந்தப் புரோக்கர் சொல்வதைக் கேட்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அவள் தமிழ்நாட்டில் பிறந்தாள் என்பது அவளுக்கு எதிரான உண்மை அல்ல. 5(2) பிரிவில் அவள் பிரஜையாவதே அந்த உண்மையை வைத்துத்தான். கிளிநொச்சியில் பிறந்ததாக ஒரு பொய்ப் பத்திரம் வந்துவிட்டால் இரண்டு பிறப்பு ஆகிவிடும். பிறகு எந்தத் திணைக்களமும் எதையும் நம்பாது. பொய்ப் பதிவு குற்றம். அந்த வழக்கும் புரோக்கருக்கு வராது, கையொப்பம் வைத்த உங்களுக்குத்தான் வரும்.

இந்தியாவும் அவளைத் தன் பிரஜையாகப் பார்க்காது. அந்த நாட்டில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்கவேண்டும் என்றார்கள். 2004 டிசம்பரிலிருந்து அதுவும் இன்னும் இறுகியது. 2010இல் முகாமில் பிறந்த பிள்ளைக்கு அங்கே இடமில்லை. ஆக, நாங்கள் இங்கே பதிவுசெய்யாமல் விட்டால்தான் அவள் உண்மையிலேயே நாடற்றவள் ஆவாள்.

பதிவுக்குப் போகும்போது எங்கே மாட்டுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயரில்தான். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் அப்பாவின் பெயரைத் தலைப்பெழுத்தோடு சுருக்கி எழுதியிருப்பார்கள். இங்கேயுள்ள பிறப்புப் பத்திரத்தில் முழுப்பெயர் இருக்கும். முகாம் அட்டையில் மூன்றாவது விதமாக இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றிலும் மாறும். உரிமை இல்லாமல் திரும்பி வருகிறவர்களைவிட, பெயர் ஒத்துவராமல் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம் என்று என் மேசையில் வந்து குவியும் கோப்புகளைப் பார்த்துச் சொல்கிறேன். போவதற்கு முன்பே எல்லாப் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசங்களை ஒரு தாளில் எழுதுங்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் கணவர் ஒரு சத்தியக் கடதாசி முடிக்கட்டும். மகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழின் அசல் வேண்டும். போட்டோகொப்பி மட்டும்தான் இருக்கிறது என்றால், தம்பியிடம் சொல்லி அந்த நகராட்சியில் புதிதாக ஒரு பிரதி எடுப்பியுங்கள். கோயிலில் நடந்த கலியாணம் பதியப்படவில்லை என்று பயப்பட வேண்டாம். எங்கள் சடங்குகளோடு நடந்த கலியாணத்தை இலங்கை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. படங்கள், அங்கே நின்றவர்களின் சத்தியக் கடதாசி, முகாம் பதிவில் ஒரே குடும்பமாக இருந்தது, இவை எல்லாம் உதவும். ஆனால் அவசரப்பட்டு இப்போது புதிதாகக் கலியாணப் பதிவு செய்யாதீர்கள். மகளின் பிறப்புக்குப் பிந்திய திகதி விழுந்து தேவையில்லாத கேள்விகள் கிளம்பும். அதை ஒரு சட்டத்தரணியோடு பேசிவிட்டுச் செய்யுங்கள்.

அதிபரிடம் இன்றே போய் விஷயத்தைச் சொல்லுங்கள். பாடசாலை மூலமாகத்தான் மாணவர்களின் அடையாள அட்டை விண்ணப்பங்கள் ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகின்றன. கடைசி வாரத்தில் அழுதுகொண்டு வருகிற தாயைவிட, ஒரு வருடத்துக்கு முன்னர் கோப்போடு வருகிற தாய்க்கு எந்த அதிபரும் கூடுதலாக உதவ முடியும்.

சரி, இப்போது உங்களுடைய கதை.

உங்கள் தாத்தா எழுதிக் கொடுத்ததைப் பற்றி அந்த உத்தியோகத்தர் சொன்னதில் பாதிதான் வரலாறு. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்தது. மீதி 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுத்த எத்தனையோ பேர் போகவே இல்லை. கலவரம் வந்தது, தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தார்கள், காடு வெட்டிக் குடியிருந்தார்கள். தலைமன்னார் கப்பலும் 1984இல் நின்றுபோனது. போக முடியாமலும் இருக்க உரிமை இல்லாமலும் அந்த மக்கள் இருந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது.

அவர் சொல்லாமல் விட்ட மறுபாதி 2003இல் இருக்கிறது. அந்த வருடத்து 35ஆம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்குகிற சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வதிந்தவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரஜைகள் என்று அது சொல்கிறது. தாத்தா விண்ணப்பம் மட்டும் எழுதிக் கொடுத்து, இந்தியக் கடவுச்சீட்டு கைக்கு வராமலே விட்டிருந்தால் நீங்கள் இந்த வகை. கடவுச்சீட்டு வந்தும் போகாமல் இருந்தவர்களுக்கும் அதே சட்டத்தில் வழி உண்டு: இலங்கைப் பிரஜையாக இருக்க விரும்புகிறேன் என்று ஒரு பிரகடனம் செய்து, அதில் உரிய அதிகாரி மேலொப்பமிட்டால் போதும். அந்த வருடம் பத்தே நாளில் ஏறக்குறைய 190,000 பேர் இப்படிப் பத்திரம் பெற்றார்கள். அந்த நேரம் நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் முகாமில் இருந்தீர்கள். உங்களைப் போல் அகதியாகப் போனதால் வதிவிடம் அறுந்தவர்களுக்காகத்தான் 2009இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 'இடையில் இந்தியாவில் இருந்தீர்களே' என்ற கேள்விக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. யாரும் உங்களுக்குப் புதிதாகத் தயவு காட்டத் தேவையில்லை. கவுண்டருக்குப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

வேண்டியது சான்று. அதற்கு உங்கள் அப்பா நடமாட்டத்தோடு இருக்கும்போதே அவரை உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், துரையின் பெயர் என்ன, கங்காணி யார், எந்தத் தோட்டப் பள்ளிக்கூடம். தோட்டத்தில் பிறக்கிற பிள்ளையின் பிறப்பைத் தோட்ட நிர்வாகம் அறிவிக்கவேண்டும் என்று சட்டமே இருந்தது, ஆகவே அப்பாவின் பிறப்பு மாத்தளைப் பதிவகத்தில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பள்ளிக்கூடச் சேர்வுப் பதிவேடு, செக்றோல் என்கிற தோட்ட வேலையாள் பதிவேடு, பழைய அரிசிக் கூப்பன் புத்தகம், தாத்தாவின் ஊழியர் சேமலாப நிதி இலக்கம், இவற்றில் எது கிடைத்தாலும் 1964இல் அந்தக் குடும்பம் இந்த நாட்டில் இருந்ததைக் காட்டும். பெட்டியின் அடியில் பழைய துணிக்குள் சுற்றி வைத்திருக்கிற தாளைத் தேடுங்கள். அப்பாவும் தன் பங்குக்குத் தனியாக விண்ணப்பிக்கட்டும்.

உங்கள் பிறப்புக்கு, முதலில் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் தேடுதல் விண்ணப்பம் கொடுங்கள். பதியப்படவில்லை என்று எழுத்தில் வந்தால் காலங்கடந்த பிறப்புப் பதிவு கேட்கலாம். சாதகக் குறிப்பு, பிரசவம் பார்த்த மருத்துவிச்சியோ அந்த நேரம் அயலில் இருந்த வயதானவர்களோ தருகிற சத்தியக் கடதாசி, முகாம் பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழில் எழுதியிருக்கிற பிறந்த திகதி, இவை தேவைப்படும். அதுவும் முடியாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் கேட்கலாம். ஆனால் அது வயதுக்கு மட்டும்தான் சான்று, அதைக் கொண்டுபோய்ப் பிரஜை என்று காட்ட முடியாது. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இன்னொரு தாளைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. 2012இல் விமானம் ஏற உங்களுக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் ஒரு தற்காலிகப் பயண ஆவணம் கொடுத்திருக்கும். யு.என்.எச்.சி.ஆர். படிவமும் இருக்கும். அந்தப் பயண ஆவணத்தை இலங்கை அரசாங்கம் தன் நாட்டுக்கு வருகிற தன் ஆட்களுக்குத்தான் கொடுக்கிறது. அதைத் தேடி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அசலை யார் கேட்டாலும் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்கவேண்டாம்.

இனி அந்த உத்தியோகத்தர். வாயால் சொல்வதை வாயால் மறுத்துக்கொண்டிருந்தால் முடிவே வராது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஆனால் அந்தச் சட்டம் பிரஜைகளுக்கானது என்பதால், வீண் வாதத்தைத் தவிர்க்கக் கணவரின் பெயரில் போடுங்கள். கிளிநொச்சியில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வசதியில்லாதவர்களுக்கு அங்கே சட்டத்தரணிக்குக் காசு கட்டத் தேவையில்லை. அதற்கும் மேலே போகவேண்டி வந்தால் வவுனியாவில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

மகள் கேட்டது நல்ல கேள்வி. அவளிடம் சொல்லுங்கள், அவள் வாசித்தது சரிதான். போர் முடிந்து ஊருக்குத் திரும்ப முடியாமல் ஜெர்மனியில் தங்கிப்போன இலட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலானவர்களை அமெரிக்கா, அவுஸ்திரேலியா, கனடா என்று அனுப்பிவைத்தார்கள். வயதானவர்கள், காசநோய்க்காரர், ஆட்களைத் தேர்ந்தெடுக்க வந்த நாடுகள் வேண்டாம் என்றவர்கள் அங்கேயே மிஞ்சினார்கள். அவர்களுக்காக மேற்கு ஜெர்மனி 1951 ஏப்ரலில் ஒரு சட்டம் போட்டது. வேலை, படிப்பு, சமூக உதவி எல்லாவற்றிலும் ஜெர்மன்காரருக்குச் சமமாக, அல்லது கிட்டத்தட்டச் சமமாக நடத்தவேண்டும் என்றது. பெரிய விஷயம். ஆனாலும் அந்தச் சட்டத்தில் அவர்கள் அந்நியர்கள்தான், நல்ல உரிமைகள் உள்ள அந்நியர்கள். உங்களுக்கு 2003 சட்டம் கொடுப்பது அதைவிட வலுவானது. அது உங்களை இந்த நாட்டுப் பிரஜை என்கிறது. இன்னொன்றையும் சொல்லுங்கள்: சட்டம் வந்து ஆறு வருடம் ஆகியும், 1957 வரை, பவேரியாவில் ஒரு முகாமில் ஆட்கள் இருந்தார்கள். சட்டம் வந்த அன்றைக்கே முகாம் கலைந்துவிடுவதில்லை. அயலில் ஒரு வீடும் வேலையும், சேர்த்துக்கொள்கிற மனிதர்களும் வேண்டியிருந்தார்கள்.

அது உங்கள் ஊருக்கும் பொருந்தும். 'தோட்டக்காட்டார்' என்று இழிவாகச் சொல்கிறவர்களை நான் நியாயப்படுத்த மாட்டேன். நானும் வன்னியில்தான் வளர்ந்தேன், எங்கள் ஆட்கள் மலையக மக்களை எப்படி நடத்தினார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லையோரக் காட்டை வெட்டிக் கழனியாக்கியதில் உங்கள் தாத்தாவைப் போன்றவர்களின் பங்கு பெரியது. கடைசி யுத்தத்தில் அந்தக் குடியிருப்புகளில் இருந்தவர்களும் மற்றவர்களோடு ஒன்றாகத்தான் முள்ளிவாய்க்கால் வரைக்கும் ஓடினார்கள், ஒன்றாகத்தான் மெனிக் பார்ம் முகாமில் வரிசையில் நின்றார்கள். அதற்குப் பிறகும் ஒரு பெண்ணை இப்படிக் கூப்பிடுவது வெட்கக்கேடு. இதை எங்கள் ஆட்கள் வாசிக்கவேண்டும் என்பதற்காகவும் இங்கே எழுதுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது, ஒதுங்கி நிற்காதீர்கள் என்பதுதான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் அங்கத்தவராகுங்கள். கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வரவேண்டாம், ஒரு பொறுப்பைக் கேளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோராக உங்களுக்கு இடம் இருக்கிறது. கணவர் வயல் செய்கிறவர் என்றால் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தைத் தவறவிடக்கூடாது. தண்ணீரும் உரமும் யாருக்கு எப்போது என்று அங்கேதான் பேசப்படுகிறது. இதையெல்லாம் செய்தால் ஏச்சு நின்றுவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயனாளிப் பட்டியல் தயாராகும்போது உங்கள் பெயரைச் சொல்ல அந்த அறைக்குள் ஒருவர் இருப்பார்.

காணியைப் பற்றிச் சுருக்கமாக. பெர்மிட் கணவர் பெயரிலேயே இருக்கட்டும். ஆனால் உங்களை அவருக்குப் பிறகு காணிக்கு உரிய பின்னுரித்தாளராக நியமித்துப் பதியும்படி அவரிடம் சொல்லுங்கள். நியமிக்காமல் விட்டால் யாருக்குப் போகும் என்பதில் முன்பு ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம் இருந்தது. 2022இல் அதைத் திருத்திவிட்டார்கள். என்றாலும் நியமனம் எழுத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு. இதற்கும் உங்கள் அடையாள அட்டை வேண்டும். அது வரும்வரை இன்னொருவர் பெயரில் குழுக்கடன் எடுப்பது, உங்கள் பெயருக்கு வரவேண்டிய பொருளை வேறொருவர் பெயரில் எழுதுவிப்பது, இப்படி எதுவும் வேண்டாம்.

தம்பிக்கு ஒரு செய்தி. அவர் திரும்பி வருகிறாரோ இல்லையோ, அவருக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பதிவுகளைச் சென்னைத் துணைத் தூதரகத்தில் இப்போதே கேட்டுத் தொடங்கட்டும். அங்கே ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதற்கு உதவிவருகிறது. அப்பாவின் மாத்தளைப் பத்திரம் கிடைத்ததும் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை அவருக்கும் அனுப்புங்கள். உங்கள் கோப்புக்கு எது அடிப்படையோ, அவருடைய கோப்புக்கும் அதுதான்.

அன்புடன்,
உங்கள் சட்டத்தரணி அக்கா